றப்பர்த் தோல்

கல்யாண வீட்டில் வீடியோக்காரனுக்குக் கடைசி ஸஹன் தட்டில்தான் இடம் கிடைக்கும், சேர். நல்ல இறைச்சியெல்லாம் முதல் ஸஹன்களோடு போய்விடும். நாங்கள் ஆறு பேர் சுற்றி உட்காரும்போது சோறும் எலும்பும்தான் மிஞ்சியிருக்கும். நான் அதற்குக் கோபிக்கிறவன் அல்ல. புத்தளத்தில் எத்தனையோ வருஷம் அதைச் சாப்பிட்டுத்தான் வேலை செய்தேன். இந்த அஃப்ராஸ் கோபக்காரன் என்று என் கமராக்காரன் றொபி உங்களிடம் சொல்லியிருந்தால் அது பிழை.

எனக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான். யுத்தம் நடந்த காலத்தில் கற்பிட்டிக் கரையில் கமராவைத் தூக்கினாலே கடற்படைக்காரர் வந்து விசாரிப்பார்கள். யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரர் வந்தார்கள், டொல்பின் பார்க்கப் படகுகள் ஓடின, நானும் கமராவோடு போனேன். கதை என்னுடையது. வானத்திலிருந்து ஏதோ ஒன்று கடலோரக் களப்பில் விழுகிறது. அந்தத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்த ஒரு பெண் கர்ப்பமாகிறாள். பிறப்பது பாதி மனிதன், பாதி வேறு எதுவோ. அது உப்பளத்துப் பாத்திகளில் ஒளிந்து வளர்ந்து, ஊரைத் தின்னத் தொடங்குகிறது. கேட்க உங்களுக்கும் கொஞ்சம் கூசுகிறதல்லவா. கதையில் பிழை இல்லை.

பிழை அந்தக் கலப்பு உயிரின் உடுப்பில் இருந்தது. மெத்தைப் பஞ்சை வெட்டி, அதன்மேல் லொறி டியூப் றப்பரை ஒட்டி, விரல்களுக்கு நண்டு ஓடு வைத்து, நானும் என் கமராக்காரன் றொபியும் செய்த உடுப்பு. அதற்குள் போனவன் கில்பட். கற்பிட்டிக்காரன். சங்கு குளிக்கிறவன், கடலட்டைக்கும் இறங்குவான். மூச்சடக்குவதில் அந்தக் கரையில் அவனுக்கு நிகர் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கரையில் நடந்தபோது நாய்கள் கத்திக்கொண்டு ஓடின. அவன் உள்ளேயிருந்து சிரித்ததில் கண் துவாரங்களில் ஆவி படிந்தது.

“நானா, என்ட மகள் ஸ்கூல்ல எல்லாருக்கும் சொல்லிட்டாள், பேயா வாறது எங்கட அப்பாதான் எண்டு” என்றான். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

மூச்சு முட்டினால் வலது கையை விரித்துத் தூக்க வேண்டும். இதுதான் எங்களுக்குள் இருந்த பேச்சு. தூக்கினால் றொபி ஓடிப்போய் முதுகு ஸிப்பை இழுப்பான். கில்பட் வெளியே வந்து இருமுவான், ஒரு வெற்றிலை போடுவான், மறுபடியும் உள்ளே போவான். நல்ல மனிதன். அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

மற்ற எல்லாவற்றிலும் குறை இருந்தது. காற்று ஓயவில்லை. ஜெனரேட்டர் நின்று நின்று ஓடியது. எந்த ஷொட்டை எடுத்தாலும் வானத்து மூலையில் வெள்ளைக்காரன் ஒருவனின் சிவப்புப் பட்டம் நிற்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு பாதிப் படத்தை முடித்து, புத்தளத்தில் சொந்தக்காரருக்குப் போட்டுக் காட்டினேன். கலப்பு உயிர் உப்புப் பாத்தியிலிருந்து எழும்பி வரும் இடம். நான் அவர்களுடைய முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யா அல்லாஹ், மெத்தை நடந்து வருது” என்றாள் என் மாமி.

“முதுகுல ஸிப்பு தெரியுது பாருங்க” என்றான் இன்னொருவன்.

பிறகு படம் முடியும்வரை சிரிப்புத்தான். அழுதுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தைகூடச் சிரித்தது. நான் கோபிக்கவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தேன்.

ஸிப்பை இல்லாமல் செய்யலாம். அது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை கில்பட். கடைசிக் காட்சியில் ஊரார் அந்த உயிரைக் களப்புக்குள் துரத்தி மூழ்கடிக்கிறார்கள். அது சாக வேண்டும். கில்பட்டுக்குச் சாகத் தெரியவில்லை. அவன் தண்ணீருக்குள் நிம்மதியாக இருக்கிறவன். எத்தனை தடவை எடுத்தாலும் அந்த நிம்மதி றப்பரையும் தாண்டித் தெரிந்தது. இதை நான் அவனுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முயன்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அப்படியே செய்தான்.

காற்று ஓய்ந்து விழுந்த அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சுஜாந்திதான் வாசலுக்கு வந்தாள்.

“நாளைக்கு வேணாம் நானா. அவருக்கு நெஞ்செல்லாம் சளி. படுக்க ஏலாம இழுக்குது.”

“சும்மா இரு புள்ள” என்று கில்பட் உள்ளேயிருந்து சொன்னான். “காத்து இப்பதான் விழுந்திருக்கு. நானா எவ்வளவு நாளாப் பாத்துக்கொண்டு இருக்கிறார்.”

நான் வற்புறுத்தினேன் என்று அவள் சொல்ல முடியாது. சளி இருந்தால் மூச்சு நீளமாக நிற்காது என்று அந்த இடத்திலேயே எண்ணியது உண்மை. அதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். படம் எடுக்கிறவன் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

காலையில் றொபி தண்ணீருக்குள் கமராவை நிறுத்திக்கொண்டிருந்தான். நான் படகு மறைவில் கில்பட்டுக்கு உடுப்புப் போட்டேன். ஸிப்பை இரவே வெட்டி எடுத்திருந்தேன். அவன் உள்ளே போன பிறகு முதுகைத் தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூலால் நெருக்கித் தைத்தேன். அதன்மேல் டியூப் ஒட்டும் பசையைப் பூசி றப்பர்ப் பட்டியை அழுத்தினேன். நன்றாகப் பிடித்தது. தடவிப் பார்த்தாலும் இடம் தெரியாது.

“நானா, பொறகு கழட்ட ஏலுமா?” என்று கேட்டான்.

“ஏலும். கத்தி வெச்சிரிக்கேன்.”

அது பொய் இல்லை.

றொபிக்கு நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் தர்க்கம் பண்ணுவான், வெளிச்சம் போய்விடும்.

தண்ணீர் நெஞ்சளவுதான். முதல் தடவை கில்பட் மூழ்கி எழும்பினான். அதே நிம்மதி. மறுபடி எடுத்தோம். “பஞ்சு தண்ணி குடிச்சிட்டுது நானா, பாரமாக் கிடக்கு” என்றான். உள்ளே இருமல் கேட்டது. “இன்னும் ஒண்டுதான்” என்றேன்.

அந்தத் தடவை அவன் எழும்ப நேரமெடுத்தது. தலை வரவில்லை. கைதான் வந்தது, நண்டு ஓட்டு விரல்கள் விரிந்தபடி.

“நானா, கை” என்றான் றொபி.

“எடு.”

“அவன் கையத் தூக்குறான் நானா.”

கமராவை விட்டுவிட்டு றொபி ஓடினான். நான் போய்க் கமராவைப் பிடித்தேன். ஃபோக்கஸ் கொஞ்சம் விலகியிருந்தது, திருத்தினேன். சேர், நான் எழுதும்போது மனதில் கண்டது அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அது தண்ணீரை அடித்தது. எழும்பியது, விழுந்தது, தன் தோலைத் தானே கிழிக்கப் பார்த்தது. அதில் கில்பட் இல்லை. றொபி அதன் முதுகைத் தடவித் தடவி ஸிப்பைத் தேடினான். அவன் விரல்கள் வழுக்கின.

“கத்தி, நானா. கத்தி.”

கத்தி கரையில் பைக்குள் இருந்தது என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அது பிழை, திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். கத்தி என் இடுப்பு பெல்ட்டில் இருந்தது. ஒரு கையை எடுத்தால் கமரா ஆடும்.

ஆஸ்பத்திரியில் சுஜாந்தி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “ஏன் நானா தைச்சீங்க?” ஸிப் தெரிந்தது என்று சொன்னேன். படம் எடுப்பது என்றால் என்னவென்று அவளுக்கு விளங்காது, பாவம். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

கமராவில் இருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொடக்கம் எப்படி வந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் கடைசிப் பகுதி முழுவதையும் றொபியின் முதுகு மறைத்துக்கொண்டு நிற்கிறது. கமராவுக்குக் குறுக்கே போகக் கூடாது என்பது கல்யாண வீட்டில் வேலை பழகும்போதே சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம். அவன் மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்தால், சேர், கில்பட்டின் சாவு வீணாகப் போயிருக்காது.