முப்பது ஆம்பியர்

"ஹலோ… ஹலோ, குல்சும் அக்காங்களா? கிருபாசங்கருங்க, இன்வெர்ட்டர் கடை… ஆமாங்க, ஆமாங்க… பொறுங்கக்கா! பாயோட ஆக்சிஜன் மெஷினைத் தவிர ஃபேனு, டிவி எல்லாத்தையும் அணைச்சுப்போடுங்க… உடனே!"

சரவணம்பட்டி நெரிசலில் பைக்கை ஓரங்கட்டி நின்றான் கிருபாசங்கர். இன்று மாதாந்திர மின்தடை; ஒன்பது முதல் இரண்டு மணி வரை. ஐந்து மணி நேரமும் பேட்டரி தாங்கும் என்று போத்தனூரில் அந்த வீட்டாருக்கு வாக்களித்தவன் அவனே. அன்று பேட்டரியின் நூற்றைம்பது ஆம்பியர்-மணியை மெஷின் இழுக்கும் முப்பது ஆம்பியரால் வகுத்தான், ஐந்து வந்தது, நெஞ்சு நிமிர்ந்தது. இன்றுதான் கையேட்டைப் பிரித்துப் படித்தான். அச்சடித்த எண்ணை ஆராயாமல் நம்பியது அவன் பிழை. அந்தப் பிழையை ஒரு நோயாளியின் மூச்சின்மேல் ஏற்றியது அவன் குற்றம்!

"இல்லீங்க, அஞ்சு மணி நேரம் வராதுங்க… அந்த நூத்தம்பது, இருபது மணி நேரத்துக்கு மெதுவா இழுத்தாத்தானுங்க. ஏழரை ஆம்பியரு! நாம முப்பது இழுக்கறோம், சீக்கிரமே தீந்துருங்க… ஆமாங்க, நாந்தான் சொன்னேன். தப்புங்க… என்ன சத்தம் அது? கீ கீன்னு… ஐயோ, பேட்டரி எறங்கிருச்சுங்க!"

மணி பதினொன்று பத்து.

"ஆக்சிஜன் சிலிண்டரு?… காலியா? நூத்தியெட்டுக்கு சொல்லிப்போட்டேன், அரை மணி நேரமாகும்ங்கறாங்க… அழுவாதீங்கக்கா, கேளுங்க. மருமக ரம்ஷாவ காரை ஜன்னலோரம் கொண்டாரச் சொல்லுங்க. இன்ஜின் ஓடட்டும். டிக்கில ஜம்பர் ஒயரு… இருக்குதா? கார் பேட்டரில இருந்து நம்ம பேட்டரிக்கு மாட்டுங்க… செவப்ப பிளஸ்ல, கறுப்ப மைனஸ்ல… மாத்திராதீங்க, கும்புடறேனுங்க!… ஆச்சா?… ஆக்சிலேட்டர லேசா மிதிக்கச் சொல்லுங்க… இன்னுங் கொஞ்சம்…"

மறுமுனையில் கீச்சொலி ஓய்ந்தது. மெஷின் ஓய்ந்ததா, ஆபத்து ஓய்ந்ததா? அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அக்கா… அக்கா!… யாருங்க? பாயா? நாகூர் மீரான் பாய், நீங்களா?… பேசாதீங்க, மூச்சு… செரீங்க, திட்டுங்க… ஆமாங்க, படிக்காமத்தான் சொல்லிப்போட்டேன்… ஆமாங்க, கொலைகாரன்தானுங்க… நல்லா வையுங்க பாய், கேக்க கேக்க உசுரு வருதுங்க…"

வழியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண்ணீரைத் துடைக்கவில்லை.

"இனி உங்க ஊட்டுப் படி ஏறக்கூடாதுங்களா?… செரீங்க, ஏறலீங்க… கடைப்பக்கம் பாத்தாலும் பேச மாட்டீங்க, செரீங்க… ஒண்ணே ஒண்ணுங்க பாய், கரண்டு வர்ற வரைக்கும் காரை மட்டும் நிறுத்திராதீங்…"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவன் போத்தனூரை நோக்கிப் பைக்கைத் திருப்பினான்.