பூதக்கண்ணாடி

– அந்தப் பூதக்கண்ணாடியை நாளைக்கே ஆபீஸ் நாற்காலியில உட்கார வைக்கப்போறேன். இனிமே ஒரு வீட்டு வாசப்படியும் அவ மிதிக்கக் கூடாது, புரியுதா?

– முதல்ல அந்த ஸ்பூனைக் கீழே வைங்க. கோபத்துல சூப்பை என் மூக்குக்கு ஊட்டிட்டு இருக்கீங்க.

– ஐயய்யோ. இரு, துடைச்சு விடறேன்.

– கால்தாங்க எனக்கு வேலை செய்யல. கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. குடுங்க, நானே குடிக்கிறேன்.

– தோள் வலிக்குதுன்னு நீதானே சொன்னே? வலி போற வரைக்கும் நான்தான் ஊட்டுவேன். பேசாம வாயைத் திற.

– சரி சாமி, திறந்தேன். அவங்க மேல அப்படி என்ன கோபம்?

– ஷோரூம்காரர் வீட்டுக்கு இனிமே ஆள் அனுப்ப முடியாதுன்னு சொல்லிட்டா! முதலாளின்னு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கேன். எனக்கு ஒரு போன் போட்டாளா?

– அதுக்குத்தானே அவங்களை வேலைக்கு வச்சீங்க? நம்ம ஆளுங்க போற வீட்டுக்கெல்லாம் சொல்லாமக் கொள்ளாமப் போய், படுத்திருக்கிறவங்களை ஒழுங்காப் பாக்குறாங்களான்னு பாக்கச் சொல்லி.

– பாக்கத்தான் சொன்னேன். கடையை இழுத்து மூடச் சொல்லல.

– என்ன நடந்துச்சுன்னு முதல்லேருந்து சொல்லுங்க.

– ஷோரூம்காரரோட அம்மா தெரியும்ல? பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. மூக்குவழியா குழாய் விட்டுத்தான் சாப்பாடு. அந்தம்மா சும்மா சும்மா குழாயைப் பிடுங்கிப் போடுறாங்க. அதனால வீட்டுல உள்ளவங்க நாம வேலைக்கு அனுப்பின பொண்ணுகிட்ட, கையைக் கட்டில்ல கட்டி வைன்னு சொல்லியிருக்காங்க. அவளும் கட்டிட்டா. இன்னைக்குக் காலைல பாத்து நம்ம பூதக்கண்ணாடி போய் நிக்குது.

– கட்டினாங்களா? மனுஷங்களையா?

– மெத்துன்னு துண்டாலதான்மா. கயிறு இல்ல.

– உங்க கையைக் கொஞ்சம் நீட்டுங்க. நான் மெத்துன்னு கட்டறேன். அப்புறம் உங்க மூக்குல ஒரு கொசு உட்காரட்டும், பாப்போம்.

– நீயும் அவ கட்சியா? அவளும் இதையேதான் சொன்னாளாம்.

– கட்டை அவுத்துட்டாங்களா?

– உள்ள நுழைஞ்சதும் முதல் வேலை அதுதான். அவுத்துட்டுப் பக்கத்துலயே உட்காந்துட்டா. கை எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கா. குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரிச்சுப் பாத்தா, அடியில மூக்குத் தோலே வெந்து கிடக்கு. சுத்தம் பண்ணி, மருந்து போட்டு, பிளாஸ்டரை வேற பக்கமா மாத்தி ஒட்டியிருக்கா. அப்புறம் மகனைக் கூப்பிட்டு, "உங்கம்மா பிடிவாதக்காரி இல்ல. அவங்களுக்கு அரிக்குது. வாயால சொல்ல முடியாததைக் கை சொல்லிச்சு. அந்தக் கையைப் போய்க் கட்டிட்டீங்களே"ன்னிருக்கா.

– ஆத்தாடி!

– அவர் சும்மா இருப்பாரா? "என் வீட்டுல எது நடக்கணும்னு நீ யாரு சொல்றதுக்கு"ன்னு குதிச்சிருக்கார். இவ குரலே உயரல. "வீடு உங்களுது சார். கட்டினது எங்க கை. அதுக்கு நான்தான் பதில் சொல்லணும்"னாளாம்.

– அந்தப் பொண்ணு பாவம். பயந்து போயிருப்பா.

– அவளை எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லல. சமையக்கட்டுக்குத் தனியாக் கூட்டிட்டுப் போய், "கட்டச் சொன்னா, முடியாதுன்னு சொல்ல உனக்குப் பயமா இருக்கும். எனக்கு போன் போடு. அந்த 'முடியாது'வை நான் வந்து சொல்றேன்"னிருக்கா. அந்தப் பொண்ணு போன்ல என்கிட்ட அழுதுகிட்டே சொன்னா.

– இதுல கோபப்பட என்னங்க இருக்கு? எனக்கு எழுந்து நின்னு கை தட்டணும்போல இருக்கு. நிக்கத்தான் முடியல.

– கட்ட மாட்டோம்னு வாக்குக் குடுக்கற வரைக்கும் ஆள் கிடையாதுன்னு சொல்லிட்டா பாரு, அதுலதான் எனக்குத் தலைவலி. அவரால நமக்கு எத்தனை வீடு வந்திருக்கு!

– அப்ப அந்தம்மாவை அம்போன்னு விட்டுட்டா வந்தாங்க?

– அப்படி விட்டிருந்தா நானே சண்டை போட்டிருப்பேன். இவளே உட்காந்து பாத்திருக்கா. மூத்த மக வந்து சேர்ந்ததும், எப்படித் திருப்பணும், பிளாஸ்டரை எப்படி மாத்தணும்னு கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் கிளம்பியிருக்கா. நான் அங்கேருந்து வர்றப்ப அந்தப் பாடம்தான் நடந்துட்டு இருந்துச்சு.

– நீங்களும் போனீங்களா?

– போகாம? அவர் முன்னாடியே நாலு வார்த்தை கேட்டாத்தான் அவர் மனசு ஆறும்னு நினைச்சுப் போனேன். வாசல்லேருந்தே வார்த்தையெல்லாம் அடுக்கி வச்சிருந்தேன்.

– கேட்டீங்களா?

– எங்க கேக்க? கதவைத் திறக்கறேன், அந்தம்மா இவ சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கறாங்க. இன்னொரு கை வயித்து மேல சும்மா கிடக்கு. குழாய் பக்கமே போகல. இவ என்னைப் பாத்து, வாயில விரலை வச்சு "உஷ்"ங்கறா. முதலாளிய! நானும் செருப்பைக் கழட்டிட்டு, பூனை மாதிரி ஓரமாப் போய் நின்னேன்.

– அப்ப அவங்க செஞ்சது சரின்னு உங்களுக்கே தெரியுது.

– சரிதான்மா. சரியா இருக்கிறதாலதான் எரியுது. தப்புன்னா கத்தித் தீத்துட்டுப் போயிருப்பேன்ல?

– அடடா.

– அவளை மாதிரி ஒருத்திய நான் பாத்ததே இல்ல, அதையும் சொல்லிடறேன். புது ஆளுங்களுக்குப் பயிற்சின்னா வேற யாரா இருந்தாலும் பாடம் எடுப்பாங்க. இவ தானே கட்டில்ல ஏறிப் படுத்துக்குவா. "என்னைத் திருப்பு"ம்பா. கொஞ்சம் முரட்டுத்தனமாத் திருப்பினா தெருவே கேக்கற மாதிரி "ஐயோ"ன்னு அலறுவா. போன வாரம் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்துட்டார், என்னமோ கொலைன்னு.

– சிரிக்க வைக்காதீங்க, சூப் புரையேறும்.

– குளியலறை தரை வழுக்குதான்னு செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாப்பா. மருந்து டப்பாவைத் திறந்து, இந்த மாத்திரை எதுக்குன்னு படுத்திருக்கிறவங்ககிட்டயே கேப்பா. அவ வந்துட்டுப் போன வீட்டுல ஒருத்தரும் விழுந்தாங்கன்னு எனக்கு போன் வந்ததில்ல. எல்லாம் தெரியும். ஆனா ஷோரூம்காரர் கடைக்கே வரச் சொல்லி, வேலைக்காரங்க நடுவுல என்னை நிக்க வச்சு, இவ இனிமே வீடு வீடாச் சுத்தினா நான் வேற இடம் பாத்துக்கறேன், எனக்குத் தெரிஞ்சவங்களுக்கும் சொல்லிடுவேன்னார். மத்தியானம் பூரா கெஞ்சிட்டு வந்தேன். என்னை என்ன பண்ணச் சொல்றே?

– கெஞ்சிட்டு வந்த களைப்பா இது? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு.

– எனக்கு என்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். சூப் முடிஞ்சுதா? வா, நாற்காலியிலேருந்து கட்டிலுக்கு மாத்திடறேன். கையைக் குடு.

– வேண்டாங்க.

– கையைக் குடும்மா, ஒரே தூக்கு.

– வேண்டாங்க, கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. தோள் வலிக்குதுன்னு சொன்னேனே, அது அதனாலதான்.

– என்னது? நான் இழுத்தா?

– கோவிச்சுக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் கையைப் பிடிச்சுத் தூக்கறீங்க. சொன்னா மனசு உடைஞ்சு போயிடுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். முடியாமப் போனப்ப அவங்களுக்கு போன் போட்டேன். நீங்க ஷோரூம்ல கெஞ்சிட்டு இருந்தப்ப அவங்க இங்கதான் இருந்தாங்க. பக்கத்து வீட்டு அக்காதான் சாவி போட்டுத் திறந்து விட்டாங்க.

– பூதக்கண்ணாடியா? நம்ம வீட்டுக்கா?

– தோளைத் தொட்டுப் பாத்தாங்க. ஜவ்வு இழுத்திருக்கு, எலும்புக்கு ஒண்ணும் இருக்காது, எதுக்கும் டாக்டர் பாக்கட்டும்னாங்க. அப்புறம் சாக்ஸைக் கழட்டச் சொன்னாங்க.

– சாக்ஸையா? அதை நான்தானே தினமும் காலைல மாட்டிவிடறேன். உனக்குக் கால் சில்லுன்னு ஆயிடும்னு.

– ஆமா, நீங்கதான் மாட்டிவிடறீங்க. இடது காலைக் கழட்டிப் பாருங்க. குதிகாலை.

– இதுல என்ன... கடவுளே.

– மருந்து வச்சுக் கட்டியிருக்காங்க. படுக்கைப்புண்ணாம், ஆரம்பம்தானாம், ஆறிடுமாம். எனக்குத்தான் அங்க உணர்ச்சியே இல்லையே, எப்படித் தெரியும்?

– எனக்குத் தெரியணுமே! குதிகாலைப் பாருங்க, குதிகாலைப் பாருங்கன்னு புதுசா வர்ற அத்தனை பேர்கிட்டயும் தொண்டை கிழியக் கத்தறவன் நான். என் பொண்டாட்டி கால்ல... இருட்டுலயே எழுந்து, அரைத் தூக்கத்துல மாட்டி விட்டுட்டு ஓடறேன். பாக்கவே இல்லம்மா. நான் பாக்கவே இல்ல.

– அழாதீங்க. இங்க பாருங்க. அவங்க உங்களைக் குறை சொல்லல. தரையில உட்காந்து என் காலை மடியில வச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "உங்களை இவர் பாத்துக்கற மாதிரி எந்த வீட்டுலயும் நான் பாத்ததில்ல. இத்தனை வருஷம் தனியாத் தாங்கியிருக்கார். அவர் தாங்கறாரான்னு பாக்கத்தான் யாரும் வரல"ன்னாங்க.

– அவங்களை நான் நாளைக்கு நாற்காலியில உட்கார வைக்கப்போறது அவங்களுக்குத் தெரியுமா?

– தெரியும். ஷோரூம்காரரே போன் போட்டு, உன் வேலை போச்சுன்னு சொல்லிட்டாராம். தெரிஞ்சேதான் இங்க வந்தாங்க.

– தெரிஞ்சுமா வந்தாங்க? முதலாளி வீட்டுக்கே?

– "வேலை இன்னைக்கு இருக்கு இல்ல, அப்ப இன்னைக்குப் பாத்துடறேன்"னாங்க.

– அவங்க எங்கயும் உட்கார வேண்டாம்மா. ஷோரூம்காரருக்கு நானே சொல்லிக்கறேன். போகட்டும், அந்த மனுஷன் எங்க வேணாப் போகட்டும். புண்ணுக்கு என்ன செய்யணும்னு சொல்லு. தலகாணி வச்சுக் குதிகாலைத் தூக்கி வைக்கணும், அதானே? எப்பத் திருப்பணும்? நான் பாத்துக்கறேன், ராத்திரி உட்காந்தே பாத்துக்கறேன்.

– நீங்க இல்லைங்க. காலைல நம்ம கம்பெனிலேருந்து ஒரு பொண்ணு வருது, டாக்டரும் வர்றார். உங்களை நிறுத்திட்டாங்க.

– என்னையா? என் வீட்டுலயா? உன்னைப் பாத்துக்கற வேலையிலேருந்தா?

– ஆமாங்க. நாளையிலேருந்து நீங்க எனக்குப் புருஷனா மட்டும் இருந்தாப் போதுமாம்.