எடுத்துக் குடுக்கறவன்

ஆமா டாக்டர், வாயசைச்சது நான்தான். நீங்க பாத்துட்டீங்கன்னு தெரிஞ்சதும் இருமற மாதிரி நடிச்சேன், அது இன்னும் கேவலமாப் போச்சு. ஞாபகத்தைச் சோதிக்க நீங்க சொன்ன அஞ்சு வார்த்தையில சாவி, குதிரை, மஞ்சள்னு மூணை அவரே சொல்லிட்டார். நாலாவதுக்கு என்னைத் திரும்பிப் பாத்தார். பாத்ததும் என் வாய் தானா கதவுன்னு அசைஞ்சுடுச்சு. பதினேழு வருஷப் பழக்கம். நல்ல வேளை, ரத்தம் எடுக்கணும்னு நர்ஸ்கூட அவரை அனுப்பிட்டு என்னை மட்டும் திட்டறீங்க. அவர் முன்னாடின்னா நான் எங்க கொண்டுபோய் மூஞ்சியை வச்சுக்கறது.

இல்லீங்க, பையன் இல்ல. அவருக்குப் பிள்ளைங்க கிடையாது. நான் அவருக்கு வசனம் எடுத்துக் குடுக்கறவன். டிவி தொடர்ல மனப்பாடம் பண்ண நேரம் ஏது? காலையில எழுதி வருது, மத்தியானத்துக்குள்ள எடுத்து முடிக்கணும். கேமராவுக்குப் பக்கத்துல ஒருத்தன் பேப்பரோட நின்னு ஒவ்வொரு வரியாச் சொல்லுவான். நடிகருங்க அதைக் காதுல வாங்கி, அழுகையோ கோபமோ சேத்துத் திருப்பிச் சொல்லுவாங்க. அப்புறம் டப்பிங்ல என் குரலைச் சுத்தமா எடுத்துடுவாங்க. நான் அங்க நின்ன தடமே இருக்காது.

அந்த விண்கலத் தொடர் உங்க வீட்ல பாப்பாங்களா? அதுல நரைச்ச தாடியோட கமாண்டரா வந்தாரே, அவர்தான் இவர், நான் அண்ணன்னு கூப்பிடுவேன். ஆமா, இப்ப தாடியை எடுத்துட்டார், அதான் உங்களுக்குத் தெரியல. எங்க விண்கலம் வெறும் ஒட்டுப்பலகைதான், கொஞ்சம் சாஞ்சா ஆடும். மின்விசிறியை நிறுத்தினா வெள்ளி உடைக்குள்ள எல்லாரும் வெந்துடுவாங்க. ஆனா அவர் ஜன்னலோரம் வந்து நின்னா, கீழ நிஜமாவே பூமி இருக்கோன்னு நமக்கே தோணும்.

அவருக்கு மகளா, கப்பலோட இன்ஜினியரா ஒரு பொண்ணு நடிக்குது. நாலு வருஷம் ரெண்டு பேரும் அப்பா பொண்ணுதான். சாப்பாட்டு நேரத்துலயும் அப்பான்னுதான் கூப்பிடும், அவர் தட்டுலேருந்தே எடுத்துத் திங்கும். கதையில சண்டை வந்தாக்கூட, முதல்ல அவர் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிடும், அப்புறம்தான் கத்தும். அது எழுத்தாளர் எழுதினது இல்ல. அவங்களுக்குள்ள தானா வந்தது.

அப்புறம் ஒரு நாள் அண்ணன் வசனம் வராம நின்னுட்டார். நீ எப்படிப் பொறந்தேன்னு மகளுக்குச் சொல்ற சீன், ஒன்றரைப் பக்கம். மூணு டேக் போச்சு, மூணுலயும் பாதியில நின்னார். மறுநாள் பயந்துபோய் வந்தார், சின்னச் சின்ன வரிக்கெல்லாம் தடுமாறினார். டைரக்டர் நல்ல மனுஷன்தான், ஆனா தினமும் ஒளிபரப்பாகுற தொடர், அவர் என்ன பண்ணுவார். அந்த வாரமே ஆளை மாத்திட்டாங்க.

குடும்பத் தொடர்னா, இனி இவருக்குப் பதில் இவர்னு எழுத்துப் போட்டா முடிஞ்சுது. எங்களுது விஞ்ஞானக் கதையாச்சே, காரணம் சொல்லணும். விபத்துல கமாண்டரோட உடம்பு போயிடுச்சு, ஞாபகத்தை மட்டும் புது உடம்புக்கு மாத்திட்டாங்கன்னு எழுதினாங்க. புது ஆளுக்கு நாப்பது வயசு, ஜிம்முக்குப் போற உடம்பு. நல்லாத்தான் நடிக்கிறார், குறை சொல்லக் கூடாது. ஆனா முதல் நாள், மகள் ஓடிவந்து கட்டிக்கணும்னு பேப்பர்ல இருக்கு, அந்தப் பொண்ணுக்குக் கை வரல. விறைப்பா ஒரு சல்யூட் அடிச்சுட்டு அங்கயே நின்னுடுச்சு. டைரக்டர் அதையே வச்சுக்கிட்டார்.

அதுலேருந்து கதையே திரும்பிடுச்சு. நீ எங்க அப்பாதானான்னு அவளுக்குச் சந்தேகம். அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சதாக் கேட்டு மடக்கறா. அவர் ஒண்ணு விடாம பதில் சொல்றார். எப்படிச் சொல்றார்? நான் பக்கத்துல நின்னு சொல்றேன். ஜனங்களுக்கு அது பிடிச்சுப்போச்சு டாக்டர். அப்பாவும் பொண்ணும் பாசமா இருந்தப்போ பாத்ததைவிட இப்ப ரெண்டு மடங்கு பேர் பாக்கறாங்க. இனிமே பழைய ஆளைக் கூப்பிடுங்கன்னு யார் சொல்லுவா? அந்தப் பொண்ணு மட்டும் இப்பல்லாம் தனியா உக்காந்து சாப்பிடுது.

அண்ணன் ஒரு நாள் விடாம அதைப் பாக்கறாராம். மகள் கேள்வி கேட்டா, இவர் சோபாவுல உக்காந்துக்கிட்டு பதிலை முணுமுணுப்பாராம், ஒரு வார்த்தை பிசகாம. அண்ணிதான் சொன்னாங்க. அப்பவும் தன்மேல அவருக்கு நம்பிக்கை வரல. வண்டிச் சாவியை அண்ணிகிட்ட குடுத்துட்டார். சட்டைப் பையில வீட்டு முகவரியை எழுதி வச்சுக்கிட்டுத்தான் தெருவுல இறங்கறார். வேற ரெண்டு கம்பெனியில கூப்பிட்டாங்க, என்னால முடியாதுன்னுட்டார். இன்னைக்குக் காலையில எனக்குப் போன் பண்ணி, டாக்டர் ஏதாவது கேட்டா நின்னுடுவேன்டா, நீ வந்து பக்கத்துல உக்காந்துக்கோன்னார். எடுத்துக் குடுக்கத்தான் என்னைக் கூட்டிட்டே வந்திருக்கார்.

என்ன எழுதறீங்க? எப்பலேருந்து மறதின்னா? அந்த சீன் எடுத்த நாளையா போடறீங்க? வேணாம் டாக்டர். பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க.

அதுக்கு முந்தின நாள் டிவில அண்ணன் பேட்டி. என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுவார்னு மாமியார், மச்சினன் எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சிருந்தேன். இவ்வளவு விஞ்ஞான வசனத்தை எப்படி சார் ஞாபகம் வச்சுக்கறீங்கன்னு கேட்டாங்க. ஒரு தடவை படிச்சா போதும், தானா நிக்கும்னார். எல்லா நடிகரும் அப்படித்தான் சொல்லுவாங்க, அதுல தப்பே இல்ல. ஆனா என் பொண்ணு திரும்பி, அப்ப நீங்க அங்க என்னப்பா வேலை பாக்கறீங்கன்னு கேட்டா. மச்சினன் சிரிச்சுட்டான்.

அதான், மறுநாள் நான் சொல்லல. முதல் டேக்ல பேப்பரைப் பாக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். ரெண்டாவதுல அடுத்த பக்கத்து வரியைச் சொன்னேன். மூணாவதுல வாயை மட்டும் அசைச்சேன், சத்தம் விடல. ஒரு நாள் தவிக்கட்டும், நான் யாருன்னு தெரியட்டும்னு நினைச்சேன். வேலை போகும்னு நினைக்கல. டைரக்டர் முதல்ல என்மேலதான் பாஞ்சார். அண்ணன் குறுக்க வந்து, அவனை ஏன் திட்டறீங்க, அவன் சரியாத்தான் சொன்னான், எனக்குத்தான் மண்டையில ஏறலன்னார். எட்டு மாசமாச்சு. இதை வெளிய சொல்றது இதான் முதல் தடவை. ரொம்ப வெக்கமா இருக்கு டாக்டர்.

நீங்களே சொல்லிடுங்களேன், நீங்க சொன்னா நம்புவார். நானா? நான் எப்படி... சரி. சரி டாக்டர்.

வாங்கண்ணே. பஞ்சை அழுத்திப் பிடிங்க, ரத்தம் கசியுது. டாக்டர் மறுபடியும் அஞ்சு வார்த்தை சொல்லிக் கேக்கப் போறாராம். இல்லண்ணே, இந்தத் தடவை நான் வெளிய இருக்கேன். பயப்படாதீங்க, உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. எனக்கு எப்படித் தெரியும்னா... உக்காருங்கண்ணே. சொல்றேன்.