அடித் தேய்மானம்

“மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை, நான் இதோட விட்டுடறேன்” என்று என் அண்ணன் மகள் கத்திக்கொண்டிருந்தாள். கத்தும்போது அவளுக்கு மூக்குத் துடிக்கும். செத்துப்போன அவள் அம்மாவுக்கும் அப்படித்தான். மேசைமேல் எட்டு மாதத்து மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் குவிந்து கிடந்தன. மாடிவீட்டு டைப்பிஸ்ட் அம்மாள் துணி உலர்த்துகிற சாக்கில் எங்கள் ஜன்னலோரம் வந்து நின்றாள். உலர்த்துவதற்கு அவள் கையில் இருந்தது ஒரே ஒரு கைக்குட்டை.

நான் மறக்கவில்லை ஐயா. வாக்குமூலத்தில் அதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். மறதிக்காரி என்று பெயர் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

பழைய கண்ணாடிக் குடுவைகளைப் பார்த்து வயதும் விலையும் சொல்வது என் தொழில். வாயால் ஊதிச் செய்ததைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அச்சில் வார்த்ததற்குப் பக்கவாட்டில் தையல்போல ஒரு கோடு ஓடும். ஊதியதற்குக் கோடு இருக்காது; அடியில், இரும்புக் கம்பியிலிருந்து முறித்த இடத்தில், தொப்புள்போல் ஒரு தழும்புதான் இருக்கும். ஆனால் இதெல்லாம் நேற்று ஊதிய குடுவையிலும் உண்டு. வயதைச் சொல்வது அடிவிளிம்பின் தேய்மானம். நூறு வருடம் எடுத்து வைத்து, நகர்த்தி உண்டான கீறல்கள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கினால் எல்லாம் ஒரே பக்கமாக வரிசை கட்டி நிற்கும்.

அப்படி வரிசை கட்டிய ஒன்றைப் போன வருடம் நான் அசல் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பழம்பொருள் கடைக்காரர் நாலு பேர் முன்னால், “அம்மாவோட லென்ஸுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிப் போடுங்கப்பா” என்றார். அவர் தலையில் இருக்கும் முடி அவருடையதில்லை என்று எல்லாருக்கும் தெரியும்; நான் ஒருநாளாவது வாய் திறந்ததுண்டா? அவர் கண்ணுக்கே பிடிபடாத போலி ஒன்றை அவர் கையிலேயே கொடுப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அண்ணன் என்னோடுதான் இருந்தார். நடுக்கவாதம். மாத்திரை போட்டால் கை அடங்கும். ஒருநாள் மாத்திரை கொடுக்கத் தாமதமாகிவிட்டது. கல்மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளரைப் பிடித்தவர், அதைக் கரகரவென்று உரசிக்கொண்டே இருந்தார். பிடுங்கி அடியைப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இன்னொன்றோடு சேர்ந்து போகவில்லை.

மறுநாள் புதுக் குடுவை ஒன்றை அவர் கையில் கொடுத்து, நழுவாதபடி விரல்களை நாடாவால் கட்டினேன். கல்லில் சன்னமாக மணல் தூவினேன். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை.

“மாத்திரை போட்டாச்சா பாப்பா?” என்று கேட்பார்.

“போட்டாச்சுண்ணா.”

நம்பிவிடுவார். சின்ன வயதிலிருந்தே என் பேச்சை அவர் தட்டியதில்லை.

எனக்கு அருவருப்பு அதிகம், ஐயா. மாத்திரை இல்லாமல் அவர் உடம்பு மரக்கட்டையாகி, எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் நூல்நூலாக வழிந்தது. கொழகொழவென்று, புளித்த வாடையோடு அது குடுவைமேல் இறங்கி, மணலோடு குழைந்து சாம்பல்நிறச் சேறாக நிற்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் கிட்டே போவேன். ஆனால் அந்தச் சேறு கீறல்களுக்குள் இறுகியபோது பலகாலத்து அழுக்குப் போலவே இருந்தது. அதற்குப் பிறகு நான் துடைக்கவில்லை. நாடா அறுத்த இடத்தில் சீழ் வைத்தது. அது மட்டும் குடுவையில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆறாம் மாதம் பேச்சு நின்றது. ஊட்டியதில் பாதி தொண்டையில் சிக்கியது, மீதி மார்பில் காய்ந்தது. அண்ணன் மகள் போனில் கேட்டபோதெல்லாம், நோய் முற்றுகிறது என்றேன்.

ஏழாம் மாதம் குடுவையைக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு, அவர் வழக்கம்போல, நாக்கு நுனியால் அடிவிளிம்பைத் தொட்டு ருசி பார்த்தார். நான் தடுக்கவில்லை.

“நூறு வருஷத்துக்குக் குறையாதும்மா” என்றார்.

சொல்லாமல் கொள்ளாமல் மகள் வந்து நின்றபோது அண்ணன் கையில் இருந்தது இரண்டாவது குடுவை. மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லி அவள் கெஞ்சியதும் கத்தியதும் அப்போதுதான்.

“மறக்கலம்மா. கை ஆடணும்னுதான் கொடுக்கல” என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்து நாடாவை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். கடைசிச் சுற்று தோலோடு வந்தது. ஜன்னலோரம் மாடிவீட்டம்மாள் வாந்தி எடுப்பது கேட்டது.

நடந்ததெல்லாம் இவ்வளவுதான். விஷயம் காதுக்கு எட்டியதும் கடைக்காரர் கடையை மூடிவிட்டுத் தம்பி வீட்டோடு போய்விட்டார். இன்னமும் வாய் கொப்பளித்துக்கொண்டே இருக்கிறாராம். மாடிவீட்டம்மாள் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டாள். இந்த வயதில் அவளுக்கு வேண்டியதுதான். அண்ணனை மகள் தன்னோடு கூட்டிப்போய்விட்டாள். வேளாவேளைக்கு மாத்திரை போகிறதாம். கை இரண்டும் மடியில் சும்மா கிடக்கின்றனவாம். பாவம், அங்கே அவரைக் கவனிக்க ஆளில்லை போலிருக்கிறது.