குறை காணாத தாள்

எழுதுகிறவனுக்குத் தன் எழுத்தில் உள்ள குழப்பம் தெரியாது, ஐயா. அடுத்தவர் படித்துச் சொன்னால்தான் தெரியும். அதனால், எங்கள் பிஸ்கட் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நான் எழுதும் செய்முறைத் தாள்களை எல்லோரிடமும் காட்டிக் கருத்துக் கேட்பேன்.

பிஸ்கட்டுகளைப் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்த என் மனைவியின் தம்பிதான் மற்றவர்களைவிட அக்கறையாகப் படிப்பான். ஒருநாள் கூட்டத்தில், மேலாளர் முன்னால், "மாமா, மூடிய எந்தப் பக்கம் திருப்பணும்னு நீங்க எழுதவே இல்லையே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினோரு ஆண்டுகளாக நான் எழுதுகிறேன். மேலாளர் தட்டிக்கொடுத்தது அவன் முதுகை.

அதன்பின் ஒரு வழக்கம் வந்தது. அவன் சொன்ன யோசனைதான். அந்த இயந்திரத்தைத் தொட்டே அறியாத ஒருவர், சொந்தப் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, தாளில் உள்ளதை மட்டும் செய்து பார்க்க வேண்டும். அவர் தடுமாறினால் தாள் சரியில்லை. அந்த வேலையையும் அவனுக்கே கொடுத்தார்கள். சிவப்புப் பேனாவால் என் தாளைக் குதறிவிடுவான். வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது அக்காவிடம் சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவேன்.

மாவு பிசையும் இயந்திரத்தைச் சுத்தம் செய்யும் தாளுக்கு மூன்று வாரம் உழைத்தேன். அந்த இயந்திரம் நின்றபின் ஒரு நிமிடத்தில் தானாகவே மறுபடி சுற்றும். அவனுக்கு அது தெரியாது. சுவரில் உள்ள மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லும் வரி நான்காவதாக இருந்தது. அவனுக்குக் கொடுத்த பிரதியில் அதை எடுத்துவிட்டு எண்களைச் சரிசெய்தேன். மற்ற வரிகளைக் குழந்தைக்கும் புரியும்படி எழுதினேன். "வலது கையை உள்ளே விட்டு அடிப்பக்கத்தைத் துடைக்கவும்."

நான் பக்கத்திலேயே நின்றேன். அவன் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. "இந்தத் தடவ ரொம்பத் தெளிவா இருக்கு மாமா" என்று சொல்லிக்கொண்டேதான் கையை உள்ளே விட்டான்.

மருத்துவமனையில் கண் விழித்ததும், முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லாததைப் பார்த்து அழுதான்.

"நான்தான் ஏதோ ஒரு வரிய விட்டுட்டுப் படிச்சிருக்கேன். உங்க மேல பழி வந்துடப்போகுது. மன்னிச்சிருங்க மாமா."

"பரவால்ல மாப்ள. இனிமே நிதானமாப் படி" என்றேன்.

பொறாமை என்று எழுதாதீர்கள், ஐயா. அவன்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. என் தாளில் அவன் குறை காணாத ஒரு நாள் வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.