ஓசி மெஷினும் கீழ்த்தெருவும்

டீ நல்லா இருக்கு சார். எங்க ஆபீஸ் டீயை வாயில வைக்க முடியாது.

என் வேலை என்னன்னு கேட்டீங்க. எங்க கம்பெனி ஒரு பெரிய கூடத்துல ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டரை ஓட விட்டிருக்கு. அதுல ஒரு பங்கை விஞ்ஞானிகளுக்குக் காசு வாங்காம இன்டர்நெட் வழியா தருது. கிளவுட்னு சொல்வாங்க. யாருக்குத் தரலாம், யாருக்குக் கிடையாதுன்னு முடிவு பண்றது நான்.

ஓசின்னா பினாயிலையும் குடிக்கிற கூட்டம் சார் அது. படிப்பு பெருசு, புத்தி சிறுசு. எறும்பு எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்க்க ஒருத்தருக்கு முந்நூறு மெஷின் வேணும். வாங்கற வரைக்கும் சார், சார்னு குழைவாங்க. அப்புறம் கட்டுரையைப் புரட்டினா மனைவிக்கு நன்றி, மாமனாருக்கு நன்றி, வீட்டு நாய்க்குக்கூட நன்றி. என் பேர் மட்டும் இருக்காது. ஆறு கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி.

இந்த ஆத்து ஆராய்ச்சிக்காரம்மா குழையக்கூட இல்லை. நேரா போன் போட்டாங்க.

"மழை நிக்கல. ராத்திரிக்குள்ள அணையைத் திறந்துடுவாங்க. தண்ணி எந்தத் தெரு வரைக்கும் வரும்னு கணக்குப் போடணும். கீழ்த்தெருதான்னு நினைக்கிறேன். ஆனா கணக்கு இல்லாம சொன்னா எந்த அதிகாரியும் ஜனங்களை வெளியேத்த மாட்டார். என் கம்ப்யூட்டர்ல போட்டா ரெண்டு நாள் ஆகும். உங்க மெஷினைக் கொஞ்சம் திறந்து விடுங்க."

திறந்து விடணுமாம். ஒரு சார் கிடையாது, மோர் கிடையாது. வாட்ச்மேன்கிட்ட கேட்டைத் திறக்கச் சொல்ற மாதிரி.

நான் கோபப்படல. "எல்லா மெஷினும் ஓடிக்கிட்டிருக்கும்மா, வரிசையில இருங்க"ன்னேன். ஓடலைதான். அன்னைக்கு முக்கால்வாசி சும்மாதான் கிடந்துச்சு. சும்மா கிடக்குதுன்னு எடுத்து நீட்டிட முடியுமா? ஓசியில வர்றதோட அருமை தெரியணும்னா கொஞ்சம் காக்க வைக்கணும். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்க. கடைசியில அழுதாங்க. அழறவங்க மேல எனக்கு எப்பவுமே மரியாதை வந்ததில்லை.

அவங்க பேச்சை நம்பலையான்னு கேக்கறீங்க. நம்பாம எப்படி இருப்பேன்? முதல் போனை வச்ச கையோட வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். கீழ்த்தெருவுல இருக்கற உன் தங்கச்சியையும் பிள்ளைங்களையும் இப்பவே நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுன்னேன். "பக்கத்து வீட்டுக்காரங்க காதுலயும் போட்டு வைக்கட்டுமாங்க"ன்னா. வேணாம், வீணா பீதியைக் கிளப்பாதேன்னுட்டேன். நாலு பேர் இருக்கற ஊர்ல பொறுப்பா நடந்துக்கணும் இல்லையா.

விடியறதுக்குள்ள அந்தத் தெருவுல ஒரு வீடு மிஞ்சல. அந்தம்மாவே அங்க போய்க் கதவு கதவாத் தட்டிக்கிட்டு இருந்தாங்களாம். வெறுங்கையோட வந்து சொன்னா யார் எழுந்து வருவாங்க? அவங்க உடம்பையும் மறுநாள்தான் எடுத்தாங்க. தண்ணி செஞ்சதுக்கு நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க.

என்னைக் கல்நெஞ்சக்காரன்னு பேப்பர்ல எழுதறாங்க. சிரிப்புதான் வருது. நேத்து உங்க விசாரணைக் குழுவுல இருந்தே ஒருத்தர் வந்தார். வெள்ளம் எந்த வழியா வந்துச்சுன்னு கணக்குப் போட மெஷின் வேணுமாம். எழுந்து நின்னு, பணிவா, பார்த்துச் செய்யுங்கன்னு கேட்டார். அந்த நிமிஷமே கொடுத்தேன். கேக்கற விதமா கேட்டா, நான் யாருக்கும் இல்லைன்னு சொன்னதே கிடையாது சார்.