ஸ்டியரிங்கில் தொங்கிய செருப்பு

அன்றைக்கு நான் போட்ட காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, தமயந்தி. நீ முழுவதையும் குடித்தாய். மருமகள் ஆபீஸ் போய்விட்டால் சமையலறை என் பொறுப்பு. எழுபத்துநாலு வயதில் கை அளவு தப்பத்தான் செய்கிறது. உன்னை நாலு வயதில் பார்த்தவன் என்பதால் நீ என்றே எழுதுகிறேன்.

நீ கேட்டது ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுனில் நம் பழைய படகுத்துறை ஆட்கள் கூடும்போது வாசிக்க, உன் அப்பா உத்தமனைப் பற்றி இனிமையான ஒரு நினைவு. "நீங்கதான் சார் அங்க மேனேஜரா இருந்தீங்க. அப்பா உங்களத் தண்ணியில இருந்து தூக்கினத உங்க வாயால சொன்னா போதும்" என்றாய். கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டாய். துறையில் படகு ஓட்டிய நாகேஷைக் கூட்டத்துக்கு அழைக்கலாமா, வேண்டாமா என்று. வருடா வருடம் உன் அப்பாவின் நினைவு நாளில் அடுகோடியிலிருந்து உன் வீடு தேடி வந்து காலில் விழுகிறானாம். இந்த முறை எல்லார் முன்னாலும் விழ வேண்டும் என்கிறானாம். சொல்லும்போதே உன் கண் கலங்கியது. இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அந்த நாட்கள் இனிமையானவை. அதை நான் மறுக்கவில்லை. அந்தமானில் ஒரு குட்டித் தீவு, பெங்களூர் முதலாளி ஒருவர் குத்தகைக்கு எடுத்த துறை, பன்னிரண்டு வெள்ளைப் படகுகள். மரீனா என்று போர்டு வைத்திருந்தோம். காலை ஆறு மணிக்கு ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் நான் பலகைத் துறையில் நடந்து போவேன். கயிறுகள் சுருட்டி வைத்தபடி இருக்கும். அடி மணல் தெரிகிற தண்ணீர். அவ்வளவு சுத்தமான இடத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஏழு மணிக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். மீன் வறுப்பார்கள், பீடி பிடிப்பார்கள், படகு ஓரத்தில் துப்புவார்கள். வாட்ஸாப் குரூப்பில் இதைத்தான் எல்லாரும் சொர்க்கம் என்று எழுதுகிறார்கள். போன வாரம் ஒருவர் அந்த மீன் வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தார். எனக்கும் இருக்கிறது.

உன் அப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். படகுகளின் அடியில் ஒட்டுகிற பாசியையும் சிப்பியையும் மூச்சடக்கி முங்கிச் சுரண்டுவது அவர் வேலை. நல்ல வேலைக்காரர். என்னிடம் அவருக்கு மரியாதை உண்டு. எண்பத்துநாலு ஐப்பசியில் ஒரு நாள் பாசிப் படியில் என் கால் வழுக்கியது. கல்லில் தலை அடித்து நேராக அடிக்குப் போய்விட்டேன். அவர் குதித்துத் தூக்கினார். இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, கண் திறந்தபோது அவர் வாய் என் வாயின் மேல் இருந்தது. பீடி, மீன், காலையில் கடித்த வெங்காயம். மூன்றையும் இன்றும் தனித்தனியாகச் சொல்ல முடியும்.

"பயப்படாதிய சார், முழுசா வந்துட்டிய" என்று சிரித்தார். அவர் உதட்டோரத்தில் எச்சில் வழிந்தது. அது அவருடையதா என்னுடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் நன்றி கெட்டவன் இல்லை. எல்லார் முன்னாலும் அவருக்குப் புது வேட்டி, துண்டு வாங்கிக் கொடுத்தேன். அவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் துறையில் பேச்சு நிற்கவில்லை. சார் உடம்பில் ஓடுவது உத்தமன் மூச்சு என்று ஆளாளுக்குக் கிண்டல். நான் உப்பு வைத்துப் பல் தேய்ப்பேன், ஈறில் ரத்தம் வரும் வரை. உன் அப்பாவோ அதற்குப் பிறகு என்னிடம் ரொம்பவும் நெருங்கிவிட்டார். தினமும் ஆபீஸ் வாசலில் ஈரத்தோடு வந்து நின்று, "சார், மூச்சு சௌக்கியமா இருக்கா?" என்று கேட்பார். பிரியமாகத்தான் கேட்டார். அந்தப் பிரியம்தான் எனக்குக் குமட்டியது. எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக மைசூர் சர்க்கார் உத்தியோகம், அடுத்தவர் டம்ளரைத் தொட்டால் கை கழுவுகிற வீடு. இதில் சாதி எதுவும் இல்லை. சுத்தம், அவ்வளவுதான்.

துறையில் ஒரு வழக்கம் இருந்தது. படகின் அடியில் ஆள் இறங்கும்போது தன் ரப்பர் செருப்பு இரண்டையும் ஸ்டியரிங்கில் வாரைக் கோத்துத் தொங்கவிட வேண்டும். செருப்பு தொங்கினால் யாரும் எஞ்சினைத் தொடக் கூடாது. விசில், கொடி எல்லாவற்றையும் விட இது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் மேலே வந்ததும் அவனுக்கே செருப்பு வேண்டும், எடுக்க மறக்க மாட்டான். சுவரில் இந்த விதியைத் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதி மாட்டியது நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

வழக்கம் நல்லதுதான். ஆனால் அந்தச் செருப்பை நீ பார்த்ததில்லை. மீன் செதிலும் கறுப்புச் சேறும் அப்பி, குதிகால் தேய்ந்து, அவர் கால் விரல் ஐந்தும் அச்சாகப் பதிந்திருக்கும். அது வெள்ளை ஸ்டியரிங்கில், கை வைக்கிற இடத்தில், சொட்டிக்கொண்டு தொங்கும்.

தை மாதம், காலை பத்து மணி. ஏழாம் நம்பர் படகின் அடியில் உன் அப்பா இறங்கியிருந்தார். பத்தரைக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. நான் படகை ஒரு சுற்றுப் பார்க்க ஏறினேன். செருப்பிலிருந்து ஸீட்டில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக் கயிற்றுக் குவியலுக்குப் பின்னால் வைத்தேன். ஸீட்டைத் துடைத்தேன். பேப்பரைக் கடலில் போட்டேன். இது வரைக்கும் நான் செய்தது சுத்தம் செய்கிற வேலை என்றுதான் நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு டீசல் கொட்டகைக்குப் போய் நாகேஷிடம், "ஏழாம் நம்பரைத் துறை ஓரமா கொண்டாப்பா, கெஸ்ட் வந்துடுவாங்க" என்றேன். படபடப்பு ஏதும் இல்லை. பின்னாலேயே நானும் நடந்து வந்தேன். நாகேஷ் கெட்டிக்காரப் பையன், அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் வளர்ந்தவன். ஏறியதும் ஸ்டியரிங்கைப் பார்த்தான். ஒரு முறை தடவியும் பார்த்தான், ஈரமாக இருந்ததால். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் சாவியைத் திருப்பினான்.

அதற்கு மேல் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் அன்று மட்டும் அடி மணல் தெரியாமல் இருந்தது.

நாகேஷ் அலறிக்கொண்டு குதித்தான். எல்லாரும் பின்பக்கம் ஓடினார்கள். ஸ்டியரிங் பக்கம் நான் மட்டும். போலீஸ் வரும், யார் தவறு என்று கேட்பார்கள், துறைக்குப் பூட்டுப் போடுவார்கள் என்றெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. செருப்பை எடுத்து வந்து வாரைக் கோத்துப் பழையபடி மாட்டினேன். பேப்பர் இல்லை, வெறுங்கையால்தான். உள்ளே இன்னும் சூடு இருந்தது போலத் தோன்றியது. வெயிலில் கிடந்ததால் இருக்கலாம்.

"செருப்பு இல்ல சார், சாமி சத்தியமா இல்ல" என்று நாகேஷ் மூன்று நாள் அழுதான். செருப்பு தொங்குவதை இன்ஸ்பெக்டர் அவனுக்கே காட்டினார். நாலாம் நாள், "இருந்திருக்கும் சார், நான்தான் பாக்கல" என்றான். இரண்டு வருடம் ஜெயில். அவனுக்காக வக்கீல் வைத்தது நான். உன் அம்மாவுக்குப் பெங்களூர் ஆபீஸில் கூட்டுகிற வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதில்தான் நீ படித்தாய், இன்று என் வீட்டிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளி உனக்கு ஆபீஸ். உன்னைப் பார்க்கும்போது எனக்கு ஒரு திருப்தி உண்டு.

நாகேஷின் இரண்டு வருடம் எனக்குத் தூக்கத்தில் வருவதில்லை. உன் அப்பாவும் வருவதில்லை. வருவது அந்தச் செருப்பின் வழவழப்பு மட்டும். உள்ளங்கையில் அப்படியே இருக்கிறது. நாற்பது வருடமாகக் கழுவுகிறேன். மகன் டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் மாத்திரை எழுதினார்.

நீ வந்த அன்று, பேசிக்கொண்டே டம்ளரை வாயில் வைத்துக் குடித்தாய். உன் அப்பாவின் சிரிப்பு உனக்கு அப்படியே இருக்கிறது, உதட்டோரம் உட்பட. நீ லிஃப்டில் இறங்கிய பிறகு அந்த டம்ளரைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். அப்போது என் கை அந்த வேலையை எவ்வளவு பழக்கமாகச் செய்கிறது என்பதைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மனசாட்சி, அது இது என்று பெரிதாக நினைத்துவிடாதே.

நாகேஷைக் கூப்பிடு. காலில் விழ வேண்டாம் என்று சொல். அவன் பார்த்தான். ஸ்டியரிங்கில் செருப்பு இல்லை. எடுத்தவனும் நான், எஞ்சினைப் போடச் சொன்னவனும் நான், திரும்ப மாட்டியவனும் நான். அடியில் உத்தமன் இருப்பது எனக்குத் தெரியும். இதைப் போலீஸிடம் கொடுப்பதானாலும் கொடு, நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

இதற்குப் பிறகும் நான் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும் என்று நினைத்தால் வருகிறேன், எல்லார் முன்னாலும் இதையே வாசிக்கிறேன். எனக்காக ஒன்றும் ஏற்பாடு செய்ய வேண்டாம், தண்ணீர் மட்டும் நானே கொண்டு வந்துவிடுவேன்.

சீனிவாசராகவன்
வைட்ஃபீல்ட்